எட்டாம் தரத்திலும் வாசிக்க இயலாத பிள்ளைகள்: விஞ்ஞான ஆசிரியருக்கு எது முதற் கடமை?

கேள்வி: படுவான்கரை விஞ்ஞான ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்று, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், அதிகஷ்டப் பிரதேசம் என வகைப்படுத்தப்பட்ட ஒரு சிறிய பாடசாலையில் கற்பித்து வருகிறேன். தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞான பாடம் முழுவதும் என் பொறுப்பு. ஆசிரியர் என்பவர் யார், அவருடைய பணி எது என்பது பற்றிப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா வகுப்புகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் இந்தத் தவணையில் எனக்குள் எழுந்த கேள்விக்கு அந்தக் குறிப்புகளில் விடை இல்லை. அனுபவம் உள்ளவர்கள் இங்கே இருப்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

என் எட்டாம் தர வகுப்பில் ஒரு மாணவன் இருக்கிறான். குறிப்புப் புத்தகத்தைத் திறந்தால் வகுப்பிலேயே அழகான கையெழுத்து அவனுடையதுதான். கரும்பலகையில் இருப்பதை ஓர் எழுத்தும் பிசகாமல் பார்த்து எழுதிவிடுவான். ஆனால் தான் எழுதிய வரியையே வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். பக்கத்தில் இருப்பவன் மெல்ல எடுத்துக்கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு முழு வசனத்தையும் சொல்லி முடிப்பான். பார்ப்பவர்களுக்கு அவன் வாசித்ததாகவே தோன்றும். இவனைப்போல் வகுப்பில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

நுண்ணங்கிகள் பற்றிய பாடத்தின்போது, பால் எப்படித் தயிராகிறது என்று வகுப்பில் கேட்டேன். அவனுடைய குடும்பம் எருமைப் பட்டி வைத்திருக்கும் குடும்பம். எழுந்து நின்று, பாலைக் காய்ச்சி இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் உறை இட வேண்டும் என்றும், கொதிப்போடு இட்டால் எவ்வளவு நேரம் வைத்தாலும் உறையாது என்றும், மழை நாள்களில் உறையைச் சற்றுக் கூடுதலாக இட்டுச் சட்டியை மூடி அடுப்படிக்கு அருகில் வைப்பார்கள் என்றும் சொன்னான். வெப்பம் கூடினால் பற்றீரியாக்கள் இறந்துவிடுகின்றன, குளிரில் அவற்றின் பெருக்கம் குறைகிறது என்று நான் கற்பிக்க வேண்டிய அத்தனையும் அவனுடைய பேச்சில் இருந்தன. தவணைப் பரீட்சையில் அதே விடயம் வினாவாக வந்தது. அவனுடைய விடைத்தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

நான் மொழிப்பாட ஆசிரியன் அல்லன். எழுத்துக் கற்பிக்கும் முறையில் எனக்குப் பயிற்சி இல்லை. பாடத்திட்டத்தின்படி அலகுகளை முடிக்க வேண்டும். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வருபவர்களும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். விஞ்ஞானத்தை நிறுத்திவிட்டு எழுத்தைக் கற்பிப்பதா, எழுத்தை அதற்குரியவர்களிடம் விட்டுவிட்டு என் பாடத்தை நடத்துவதா? ஆசிரியன் என்ற வகையில் நான் யாருக்கு, எதற்குக் கடமைப்பட்டவன்?

பதில் 1: ஓய்வுபெற்ற அதிபர், பட்டிருப்பு

அன்புள்ள தம்பிக்கு,

உங்களுடைய நியமனக் கடிதத்தில் பாடத்தின் பெயர் இருக்கிறது. ஆனால் உங்கள் முன் அமர்ந்திருப்பது பிள்ளை. இந்த இரண்டுக்கும் இடையில் ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்பது என்பதுதான் உங்களுடைய கேள்வி என்றால், நான் தயக்கமின்றிப் பிள்ளையின் பக்கம் என்பேன். அதற்காக விஞ்ஞானத்தை நிறுத்தச் சொல்லவில்லை. விஞ்ஞானப் பாடத்துக்குள்ளேயே வாசிப்புக்கு வழி இருக்கிறது.

அவன் தயிரைப் பற்றிச் சொன்னதை அவனுடைய வாய்ச்சொல்லிலேயே மூன்று சிறிய வசனங்களாகக் கரும்பலகையில் எழுதுங்கள். "பாலைக் காய்ச்ச வேண்டும். சூடு ஆற வேண்டும். பிறகு உறை இட வேண்டும்." அவன் சொன்னவை ஆதலால் பொருள் அவனுக்குத் தெரியும், எழுத்தை மட்டும் கண்டுபிடித்தால் போதும். பாடநூலில் உள்ள நீண்ட வசனத்தில் எழுத்தும் புதிது, சொல்லும் புதிது, கருத்தும் புதிது. மூன்று சுமையையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றுவதால்தான் பிள்ளை விழுகிறது.

'நான் மொழிப்பாட ஆசிரியன் அல்லன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நம்முடைய மண்ணில் இந்த வேலியைப் பெரிதாக மதிக்காத ஒருவர் வாழ்ந்திருக்கிறார். 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்று, விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றியவர். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சியிலும் முன்னின்றார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியபோது இலவசக் கல்வி நடைமுறைக்கு வர இன்னும் பதினாறு ஆண்டுகள் இருந்தன. வசதியற்ற பிள்ளையின் கைக்கு எழுத்து எட்ட வேண்டும் என்பது அன்று சட்டத்தின் கட்டாயமாக இருக்கவில்லை. அதைத் தம் வேலை என்று எடுத்துக்கொண்டவர்களால்தான் நம்முடைய பாட்டன் தலைமுறை வாசித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குருமண்வெளித் துறையில் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறி மண்டூர்ப் பக்கம் போய்க் கற்பித்த காலத்தில், 'இந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை' என்று கூட வந்த ஆசிரியர்கள் பேசுவதை நாள்தோறும் கேட்டிருக்கிறேன். வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால் நிலைமை வேறாக இருந்தது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் தாயும் தகப்பனும் வட்டைக்கு (வயல்வெளிக்கு) போய்விட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை வீட்டில் நிற்கும். வரவு இடாப்பில் அந்த வாரங்கள் வெறுமையாகக் கிடக்கும். பிள்ளை திரும்பி வரும்போது வகுப்பு எங்கோ போயிருக்கும். விட்ட இடத்தை யாரும் திருப்பிச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆண்டுதோறும் இது நிகழ்ந்தால் எட்டாம் தரத்தில் நீங்கள் காணும் பிள்ளைதான் கிடைக்கும். அவனுடைய பழைய வரவு இடாப்புகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிறகு அவனுடைய வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். குறை சொல்வதற்காக அல்லாமல், தயிரைப் பற்றி அவன் எவ்வளவு தெளிவாகச் சொன்னான் என்பதைத் தாய்க்குச் சொல்வதற்காகப் போங்கள்.

பதில் 2: ஆரம்பப் பிரிவு ஆசிரியை, கல்முனை

வணக்கம் சேர். எழுத்துக் கற்பிப்பது என்னுடைய அன்றாட வேலை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பிள்ளைகள் எப்படி எட்டாம் தரம் வரை வந்தார்கள் என்று ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களை நோக்கிக் கேட்பவர்கள் பலர். 2025இல் எட்டாம் தரத்தில் இருக்கும் பிள்ளைகள், 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது மூன்றாம் தரத்தில் இருந்தவர்கள். மூன்றாம், நான்காம் தரங்கள்தான் எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை சரளமாக வாசிக்கத் தொடங்கும் காலம். 2021இலும் பல மாதங்கள் பாடசாலைகள் மூடியிருந்தன. இணையவழிக் கற்பித்தல் என்றார்கள்; வீட்டில் ஒரேயொரு கைத்தொலைபேசி, அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும் குடும்பங்களில் அது நடக்கவில்லை. 2022இல் அவர்கள் ஐந்தாம் தரத்துக்கு வந்தபோது எரிபொருள் தட்டுப்பாட்டினால் மீண்டும் வகுப்புகள் தடைப்பட்டன. அதே ஆண்டில் புலமைப்பரிசில் பரீட்சையும் வந்துவிட்டது. வெட்டுப்புள்ளியைத் தாண்டக்கூடிய பிள்ளைகளை நோக்கியே பெற்றோரும் அதிபரும் ஆசிரியரைத் தள்ளும் ஆண்டு அது. பின்வாங்கில் இருப்பவர் அந்த ஆண்டில் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. இவ்வளவையும் கடந்து உங்களுடைய மாணவன் இன்னும் பாடசாலைக்கு வருகிறான் என்பதையே நான் பெரிய விடயமாகக் கருதுகிறேன்.

இனி, செய்ய வேண்டியது. எழுத்துத் தெரியாது என்று பொதுவாக எண்ணாமல், எந்த எழுத்துத் தெரியாது என்று பாருங்கள். நெடுங்கணக்கைப் பாட்டாக ஒப்புவிக்கும் பிள்ளைக்கு எழுத்துத் தெரியும் என்று நாம் நம்பிவிடுகிறோம். 'கெ' என்பதைத் தனியே ஓர் அட்டையில் காட்டினால், 'க, கா, கி, கீ' என்று முதலிலிருந்து மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வந்து, அந்த இடத்தை அடைந்த பிறகே விடை சொல்லும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உதடு அசைவதைக் கவனித்தால் தெரியும். எழுத்தை முகம் பார்த்து அறியாமல் வரிசையில் அதன் இடத்தைக் கொண்டு அறிந்தவர்கள் அவர்கள்.

247 எழுத்துகளையும் சோதிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் சிக்கல் சில இடங்களில்தான் இருக்கும். முதலாவது, கொம்பு (ெ, ே, ை). 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் கண் முதலில் காண்பது கொம்பை. வாய் முதலில் சொல்ல வேண்டியது மெய்யின் ஒலியை. 'கொ', 'கோ' ஆகியவற்றில் கொம்பு முன்னாலும் அரவு (ா) பின்னாலும் நிற்பதால், பிள்ளை கொம்போடு நின்றுவிட்டு அரவை விட்டுவிடும். உங்களுடைய பாடத்தையே பாருங்கள்: 'நொதித்தல்' என்பதை 'நெதித்தல்' என்றும், 'தொற்று' என்பதை 'தெற்று' என்றும் வாசிக்கும். அப்படி ஒரு சொல் தமிழில் அதற்குத் தெரியாததால் பொருளும் பிடிபடாது, நின்றுவிடும். இரண்டாவது, உகர ஊகார எழுத்துகள். மற்ற உயிர்க்குறிகள் எல்லா மெய்களோடும் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் சேர்கின்றன. ஆனால் கு, சு, து, நு, மு ஆகியவற்றின் வடிவங்கள் வேறுவேறாக இருப்பதால் இவற்றைத் தனித்தனியாகப் பழக வேண்டும். மூன்றாவது, 'ண்ண', 'ற்ற', 'ங்கி' என மெய்யெழுத்து வரும் இடங்கள். புள்ளியைப் பாராமல் வாசித்தால் சொல் நீண்டுவிடும். 'நுண்ணங்கி' என்ற ஒரே சொல்லில் பிந்திய இரண்டு சிக்கலும் இருக்கின்றன. ஆகவே விஞ்ஞானச் சொற்களைக் கொண்டே நீங்கள் எழுத்தைச் சோதிக்கலாம். உங்களுடைய பாடவேளை வீணாகாது, அவனுக்கும் குழந்தை வகுப்புக்குத் தள்ளப்பட்ட எண்ணம் வராது.

பதில் 3: கணித ஆசிரியர், மட்டக்களப்பு நகர்

மேலே எழுதியவர்களை மதிக்கிறேன். எனினும் என் கருத்து வேறு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கலந்துரையாடலில் ஒரு பக்கம் மட்டுமே பதிவாகும்.

சகோதரரே, உங்களுடைய வகுப்பில் வாசிக்க இயலாத சிலர் இருப்பதைப்போல, வாசிக்கத் தெரிந்த, விஞ்ஞானத்தில் ஆர்வமுள்ள சிலரும் இருப்பார்கள். அவர்களைப் பற்றி உங்களுடைய பதிவில் ஒரு வரியும் இல்லை. நகரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்குப் பாடசாலை ஆசிரியர் தவறவிட்டால் மாலையில் தனியார் வகுப்பு இருக்கிறது. படுவான்கரையில் இருக்கும் பிள்ளைக்கு விஞ்ஞானம் என்றால் நீங்கள் மட்டும்தான். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் மாவட்டத்துக்குள் வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நகரத்துப் பிள்ளையோடு அதே வெட்டுப்புள்ளிக்கு உங்களுடைய பிள்ளையும் போட்டியிட வேண்டும். எட்டாம் தர அலகுகளைப் பாதியில் விட்டு ஒன்பதாம் தரத்துக்கு அனுப்பப்படும் பிள்ளை, சாதாரண தரத்தில் அந்த இடைவெளியைத் தனியாக நிரப்ப வேண்டியிருக்கும். அது நடப்பதில்லை. அந்தக் கிராமத்திலிருந்து ஒரு வைத்தியரோ பொறியியலாளரோ வராமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த மாணவனைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் பரிகாரக் கற்பித்தல் ஓர் ஆசிரியரின் இரக்கத்தில் தொங்கக் கூடாது. அதிபர், தமிழ்ப்பாட ஆசிரியர், ஆரம்பப் பிரிவுப் பொறுப்பாசிரியர் ஆகியோர் சேர்ந்து நேரசூசியில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். நீங்கள் தனியாகச் சுமந்தால், உங்களுக்கு இடமாற்றம் கிடைக்கும் நாளில் அந்தப் பணியும் உங்களோடு போய்விடும். கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிந்ததும் ஆசிரியர்கள் நகரத்துக்குத் திரும்புவது நாம் எல்லோரும் அறிந்ததுதானே.

பதில் 4: ஒரு தாய், வெல்லாவெளிப் பக்கம்

நான் ஆசிரியை அல்ல. என்னுடைய மகனும் இதே நிலையில் இருந்ததால் எழுதுகிறேன். நான் வெளிநாட்டில் வேலை செய்த காலத்தில் அவனை அம்மம்மாதான் வளர்த்தார். அவருக்கும் எழுத்து வாசனை குறைவு. திரும்பி வந்த பிறகுதான் பிள்ளைக்கு வாசிக்க வராது என்பது எனக்குத் தெரிந்தது.

சேர், ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். வகுப்பில் வாசிப்பு நடக்கும் நாள்களில் என்னுடைய மகனுக்கு வயிற்று வலி வரும். பொய் என்று நினைத்து அடித்தும் அனுப்பியிருக்கிறார்கள் வீட்டில். உண்மையாகவே வலித்தது என்பதை இப்போது அவன் சொல்கிறான். ஒரு ஆசிரியை இடைவேளையில் அவனை நூல்களை அடுக்குவதற்கு என்று கூப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் வாசிக்கப் பழக்கினார். அந்த ஆசிரியையின் பெயரை எங்களுடைய வீட்டில் தெய்வத்தின் பெயருக்கு அடுத்தபடியாகச் சொல்கிறோம்.

பதில் 5: ஓய்வுபெற்ற அதிபர், பட்டிருப்பு

கணித ஆசிரியர் சொன்னதில் பெரும்பகுதி சரி. குறிப்பாக, இது பாடசாலையின் பொறுப்பாக மாற வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதிபராக இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். ஆசிரியர் கூட்டத்தில் 'பின்தங்கிய மாணவர்கள்' என்று பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையசைத்துவிட்டு எழுந்து போவார்கள். ஒரு பிள்ளையின் விடைத்தாளை மேசையில் வைத்து, 'இவன் வகுப்பில் இதைச் சொன்னான், தாளில் இது வெறுமையாக இருக்கிறது' என்று ஓர் ஆசிரியர் காட்டினால் அதிபரால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நேரசூசி மாறியதெல்லாம் அப்படி ஒருவர் எழுந்து பேசிய பிறகுதான். ஆகவே தம்பி முதலில் தனியாகத் தொடங்கத்தான் வேண்டும். எங்கேயும் அது அப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளின் அலகுகள் குறையக் கூடாது என்பதையும் ஏற்கிறேன். வகுப்பின் முதற் பத்து நிமிடங்களை எல்லோருக்குமான சொல் வாசிப்பாக வைத்துக்கொண்டால் அவர்களுக்கும் நட்டமில்லை. விஞ்ஞானச் சொற்களைப் பிழையின்றி எழுதத் தெரியாமல் புள்ளிகளை இழக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்: படுவான்கரை விஞ்ஞான ஆசிரியர்

ஐயாவுக்கும், டீச்சருக்கும், கணித ஆசிரியருக்கும், அந்தத் தாய்க்கும் மனமார்ந்த நன்றி. கணித ஆசிரியர் குறிப்பிட்ட பிள்ளைகளும் என்னுடைய வகுப்பில் இருக்கிறார்கள். முன்வாங்கில் இருந்து கேள்வி கேட்கும் இரண்டு பெண்பிள்ளைகளை நினைத்துக்கொண்டுதான் அவருடைய பதிலை வாசித்தேன். அலகுகளை விடப்போவதில்லை.

நேற்று அந்த விடைத்தாளை அதிபரிடம் காட்டினேன். பழைய வரவு இடாப்புகளையும் எடுத்துத் தந்தார். ஐயா சொன்னபடியே நான்காம் தரத்திலும் ஐந்தாம் தரத்திலும் பெரிய இடைவெளிகள் இருக்கின்றன. தமிழ்ப்பாட ஆசிரியை உதவ முன்வந்திருக்கிறார். டீச்சர் சொன்ன முறையில் பன்னிரண்டு அட்டைகளை எழுதி, இடைவேளையில் ஆய்வுகூட உபகரணங்களைத் துடைப்பதற்கு என்று அவனை அழைத்துப் பார்த்தேன். மெய்யெழுத்துகளும் அகர வரிசையும் தெரிகின்றன. 'கெ'யில் உதடு அசைந்தது. 'நொ', 'தொ' இரண்டிலும் அரவை விட்டான். 'நு', 'து' இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொன்னான்.

எனக்கு இப்போது இருக்கும் சிக்கல், வீட்டில் பழகுவது பற்றியது. பாடசாலை விட்டதும் அவன் பட்டியைச் சாய்க்க, அதாவது எருமைகளை ஓட்டிவர, போய்விடுவான். மாலை வகுப்புக்கு நிறுத்த முடியாது, யானை வரும் பாதை என்பதால் இருட்டுவதற்கு முன் வீடு சேர வேண்டும். இரண்டாம் தர நூலைக் கொடுத்தால் வாங்குவதற்குக் கூச்சப்படுவான். என்ன செய்யலாம்?

பதில் 6: ஆரம்பப் பிரிவு ஆசிரியை, கல்முனை

மிகச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள் சேர். மெய்யும் அகர வரிசையும் தெரிகிறது என்றால் பெரும்பகுதி வேலை முடிந்திருக்கிறது. கொம்பும் உகரமும்தான் மிச்சம்.

அவனுக்குத் தம்பியோ தங்கையோ ஆரம்பப் பிரிவில் இருந்தால், அந்தச் சிறிய பிள்ளைக்கு இரவில் கதை வாசித்துக் காட்டும் பொறுப்பை அவனிடம் ஒப்படையுங்கள். இரண்டாம் தர நூலைக் கையில் எடுக்க அப்போது அவனுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. வகுப்பாசிரியரைக் கொண்டு சிறிய பிள்ளையிடமே நூலைக் கொடுத்தனுப்பினால் இன்னும் நல்லது. ஒரு வாரத்துக்கு ஒரே கதை போதும். திரும்பத் திரும்ப வாசிக்கட்டும். மனப்பாடமாகிவிடும் என்று பயப்படாதீர்கள். திங்கட்கிழமைகளில் அந்தக் கதையில் உள்ள சொற்களை வரிசை மாற்றி அட்டையில் காட்டினால், மனப்பாடம் எது, வாசிப்பு எது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கொம்பும் அரவும் வரும் விஞ்ஞானச் சொற்களின் பட்டியலை நீங்கள் அனுப்பினால், எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி இந்த வார இறுதியில் இங்கேயே பதிவிடுகிறேன். மற்றப் பாடசாலைகளில் இருப்பவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.